கையெழுத்துப் போட மறுத்த வாப்பா: இலங்கையின் கட்டாயத் தகனமும் கடன் தீராத வீடுகளும்

2020 டிசம்பர் நடுவில், கொழும்பு பொரளை கனத்தை மயானத்தின் இரும்புக் கேற்றில் வெள்ளைத் துணித் துண்டுகள் தொங்கத் தொடங்கின. கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரித்தே ஆகவேண்டும் என்ற சட்டத்துக்கு எதிர்ப்பாக முஸ்லிம்கள் கட்டினார்கள். அவர்களோடு சிங்களவர்களும் தமிழர்களும் கிறிஸ்தவ மதகுருமாரும் வந்து ஆளுக்கொரு துண்டைக் கட்டினார்கள். ஓர் இரவில் அத்தனையையும் அவிழ்த்து அகற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் துணி கனத்தையோடு நிற்கவில்லை. வீட்டுக் கேற்றுகளிலும் வேலிகளிலும் வேறு ஊர்களிலும் கட்டினார்கள்.

அந்தத் துணி கபன். மையித்தை (இறந்தவரின் உடலை) குளிப்பாட்டியபின் சுற்றுகிற தையல் இல்லாத வெள்ளைத் துணி. டிசம்பர் 9 ஆம் திகதி கொழும்பில் ஒரு கைக்குழந்தையை அந்தத் துணி இல்லாமலே எரித்திருந்தார்கள். பிறந்து 20 நாள். காய்ச்சல் என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோன பிள்ளைக்குக் கொவிட் என்றார்கள். பெற்றோருக்குச் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை. பிள்ளைக்கு இன்னொரு முறை பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்டும் செய்யவில்லை என்று வாப்பா, அந்தப் பிள்ளையின் தகப்பன், பின்னர் ஊடகங்களிடம் சொன்னார். தகனத்துக்குச் சம்மதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட அவர் மறுத்தார். மறுத்தும் எரித்தார்கள்.

பெருந்தொற்றுக் காலத்துத் துக்கம் என்றால் நாம் எல்லோரும் ஒரே காட்சியைத்தான் நினைக்கிறோம். மூடிய பெட்டி, தொலைவில் நிற்கும் உறவுகள், கைபேசித் திரையில் கடைசி முகம். அது உலகம் முழுவதும் நடந்தது. இலங்கையில் முஸ்லிம் குடும்பங்களுக்கு நடந்தது அதிலிருந்து வேறானது. இழப்போடு ஒரு கடனையும் சேர்த்து அந்த வீடுகளில் இறக்கிவைத்தார்கள். அடைக்க முடியாத கடன். இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததன் காரணம் அதுதான்.

கடன் என்று ஏன் சொல்கிறேன்

தமிழில் இறுதிச் சடங்கை இறுதிக் கடன் என்றே சொல்கிறோம். இஸ்லாத்தில் அந்தச் சொல் இன்னும் நேர்ப்பொருளில் நிற்கிறது. மையித்தைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, இறந்தவருக்காக ஜனாஸாத் தொழுகை தொழுவது, கபுறில் (மண்ணறையில்) அடக்குவது ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயா. சமூகத்தில் சிலர் செய்துவிட்டால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். தாமதிக்காமல் அடக்க வேண்டும் என்பதும் உண்டு. ஒருவர் மௌத்தான (இறந்த) செய்தி வந்ததும் ஊரில் வேலை கிடுகிடுவென நடப்பது அதனால்தான். ஒருவர் கபுறு வெட்டப் போவார், ஒருவர் கபன் துணி வாங்கப் போவார், பள்ளிவாசலில் அறிவிப்பார்கள். அடக்கியதும் வந்தவர்கள் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் துஆக் கேட்டுப் பிரிவார்கள். தலைமாட்டில் அடையாளத்துக்கு மீஸான் கட்டை நடுவார்கள். எரிப்பதற்கு மார்க்கத்தில் இடமே இல்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்று ஒரு நபிமொழி உண்டு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாப்பாவின் உடல் உலைக்குள் போகிறது என்பது வெறும் செய்தியாக இருக்க முடியாது. வாப்பாவுக்கு வலிக்குமோ என்ற கேள்வியாக அது வரும். படித்த பிள்ளைக்கும் வரும்.

ஒரு விதி எப்படி உண்டானது

இலங்கையில் முதல் கொவிட் மரணம் 2020 மார்ச் 28. இறந்தவர் முஸ்லிம் அல்லர். அந்த மாதக் கடைசியில் சுகாதார அமைச்சு முதலில் வெளியிட்ட தற்காலிக வழிகாட்டியில் தகனம், நல்லடக்கம் இரண்டுக்கும் இடம் இருந்தது. மார்ச் 30 ஆம் திகதி நீர்கொழும்பில் முதலாவது முஸ்லிம் இறந்தார். அவரை எரித்தார்கள். மறுநாள் 31 ஆம் திகதி வழிகாட்டியில் நல்லடக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. இந்த இரண்டு நாட்களின் வரிசையை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விதி முன்னே வந்து மரணம் பின்னே வரவில்லை.

ஏப்ரல் 11 இல் அது சட்டமானது. 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதிவிசேட வர்த்தமானி (அரசிதழ் அறிவித்தல்) ஒன்றை வெளியிட்டார். கொவிட்டால் இறந்தவரின் உடலை 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை, முழுமையாக எரிக்க வேண்டும். வெப்பத்துக்கு அளவு எழுதியவர்கள் குடும்பத்துக்காக ஒரு வரி எழுதவில்லை.

சொன்ன காரணம் நிலத்தடி நீர். புதைத்தால் வைரஸ் நீரில் கலக்கும், நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் ஆபத்து என்றார்கள். அதே மார்ச் 24 ஆம் திகதியே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருந்தது. தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. தகனமா அடக்கமா என்பது பண்பாட்டையும் வசதியையும் பொறுத்தது. வைரஸ் பெருக உயிருள்ள உயிரணு வேண்டும். இறந்த உடலில் அது பெருகாது. ஹொங்கொங்கில் பணியாற்றிய இலங்கையரான வைரஸ் ஆய்வாளர் மலிக் பீரிஸும் நிலத்தடி நீர் வாதத்தை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் கடைசியில் அரசு நியமித்த இன்னொரு நிபுணர் குழுவே, பேராசிரியர் ஜெனிபர் பெரேராவின் தலைமையில், இரண்டையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரித் தொடக்கத்தில் அதையே சொன்னது. அப்படியும் இன்னும் இரண்டு மாதம் எரித்தார்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்ட, அவர்கள் மேல் சந்தேகம் படிந்த காலம் அது. தொற்று வந்ததும் நோயைப் பரப்புகிறவர்கள் முஸ்லிம்கள்தான் என்ற பேச்சும் கூடவே வந்தது. விதியை எழுதிய ஒவ்வொருவரின் மனத்திலும் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. துக்க வீட்டில் அது எப்படிப் பட்டது என்பதுதான் இங்கே முக்கியம். எங்களைக் கண்டுதான் இந்தச் சட்டம் வந்தது என்று அவர்கள் நம்பினார்கள். அப்படி நம்பாமல் இருக்க அரசு ஒரு காரணமும் கொடுக்கவில்லை.

கையெழுத்து

2020 மே மாதத் தொடக்கத்தில் கொழும்பில் நாற்பதுகளில் இருந்த ஒரு தாய் இறந்தார். கொவிட் என்றார்கள். வீட்டுக்காரர்களைத் தனிமைப்படுத்தினார்கள். மகன் ஒருவரிடம் தகனத்துக்கான தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உம்மாவை எரித்தார்கள். இரண்டு நாள் கழித்து, பரிசோதனையில் பிழை நடந்திருக்கிறது, அவருக்குக் கொவிட்டே இல்லை என்று தெரியவந்ததாகக் குடும்பம் சொன்னது.

அந்த மகனின் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உம்மாவின் மரணம் அவர் கையில் இருக்கவில்லை. நோயும் அவர் கையில் இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருப்பது அவருடைய கையெழுத்து. உண்மையில் அவருக்கு அங்கே தெரிவு ஒன்றும் இருக்கவில்லை. சட்டம் முன்பே முடிவு செய்துவிட்டது. பிறகு ஏன் கையெழுத்து வாங்கினார்கள்? பதிவேட்டில் கோப்பை ஒழுங்காக மூடுவதற்கு. அலுவலகத்துக்கு அது ஒரு வரி. மகனுக்கு அது வாழ்நாள் முழுக்கக் கூடவரும் கேள்வி. நான் ஏன் போட்டேன்?

துயரம் குற்றவுணர்வாக மாறுகிற இடம் இதுதான். துக்கத்துக்குக் காலம் மருந்து என்போம். குற்றவுணர்வு அப்படி ஆறுவதில்லை. ஈடு செய்தால்தான் அடங்கும். இங்கே ஈடு செய்ய உடல் இல்லை, கபுறு இல்லை, திரும்பச் செய்யக்கூடிய சடங்கும் இல்லை. உடல் முன்னால் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸா தொழலாம். குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதலாம். கத்தம் கொடுக்கிற வழக்கமுள்ள வீடுகளில் மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் ஓதிக் கொடுக்கலாம். கொள்ளைநோயில் மௌத்தானவர் ஷஹீத் (உயிர்த்தியாகி) என்ற நபிமொழியைச் சொல்லி மார்க்க அறிஞரான ஆலிம்கள் ஆறுதல் தந்தார்கள். அந்த ஆறுதல் சின்னதல்ல. பலரை அதுதான் தாங்கிப் பிடித்தது. ஆனால் அது இறந்தவரைப் பற்றிய ஆறுதல். அல்லாஹ் அவரைப் பார்த்துக்கொள்வான், சரி. நான் செய்யாமல் விட்டதை என்ன செய்வது என்று கேட்கும் மகனுக்கு அதில் பதில் இல்லை.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் டிசம்பரில் குழந்தையின் வாப்பா கையெழுத்துப் போட மறுத்ததன் பொருள் விளங்கும். மறுத்தாலும் எரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிள்ளையைக் குளிப்பாட்ட விடவில்லை, கபனிட விடவில்லை, தூக்கிக்கொண்டு போய் மண்ணில் வைக்க விடவில்லை. அவர் கையில் மிஞ்சியிருந்த ஒரே ஜனாஸாக் கடமை மறுப்பதுதான். அதை அவர் செய்தார்.

அவர் மட்டுமல்ல. அந்த நாட்களில் பல குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்க மறுத்தன. சவப்பெட்டிக்கும் தகனத்துக்கும் பணம் கட்டச் சொன்னபோது கட்டாமல் நின்றார்கள். சிலர் சாம்பலும் வேண்டாம் என்றார்கள். பெற்ற தகப்பனை விட்டுவிட்டார்களே என்று வெளியே பேசியவர்கள் உண்டு. அந்தப் பேச்சு கொடுமையானது. எரிப்பதற்குக் காசு கட்ட மாட்டோம் என்பது அவர்கள் இறந்தவருக்குக் காட்டிய கடைசி விசுவாசம். டிசம்பர் 9 ஆம் திகதி, உறவினர் பொறுப்பேற்காத உடல்களை எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் தெரிவித்தார். அப்படி 19 உடல்கள் கொழும்பில் இருந்தன. குழந்தையை எரித்ததும் அதே நாள்தான்.

சட்ட வழியும் அதற்கு முன்பே அடைபட்டிருந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சிவில் சமூகத்தாரும் நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் போட்டிருந்தார்கள். டிசம்பர் 1 ஆம் திகதி பெரும்பான்மை முடிவாக, விசாரணைக்கே எடுக்காமல், காரணம் ஒன்றும் சொல்லாமல் அவை தள்ளுபடியாயின. தோற்றாலும் காரணம் தெரிந்தால் மனம் அதோடு மல்லுக்கட்டிப் பார்க்கும். காரணமே இல்லாத தீர்ப்போடு எதைப் பிடித்து மல்லுக்கட்டுவது?

மற்ற வீடுகள்

கிறிஸ்தவக் குடும்பங்களில் பலருக்கும் அடக்கம்தான் வழக்கம். இந்துக்களிலும் மலையகத்தில் புதைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. மற்ற இடங்களிலும் சிறுபிள்ளைகளைப் புதைப்பார்கள். அவர்களையும் இந்தச் சட்டம் விடவில்லை. எரிப்பதே வழக்கமான வீடுகளிலும் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் சுண்ணம் இடிப்பது, வாய்க்கரிசி போடுவது, பறை, ஒப்பாரி எதுவும் நடக்காமல், பெட்டி வைத்தியசாலையில் இருந்து நேரே மின்தகனத்துக்குப் போனது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. சாம்பல் கைக்கு வந்த வீட்டில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவையும் 31 ஆம் நாள் அந்தியேட்டியையும் நாலு பேரோடாவது செய்ய முடிந்தது. சடங்கு குறைபட்டது, ஆனால் தலைகீழாகவில்லை. இந்த இரண்டு துயரங்களையும் ஒன்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்றைப் பெரிதென்று சொல்லி மற்றதைச் சிறிதாக்கவும் விருப்பமில்லை.

துயரத்தைப் படிக்கிறவர்களிடம் இதற்குச் சில சொற்கள் உண்டு. உடல் இல்லாமல், முடிவு விளங்காமல் தொங்கும் இழப்பை அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்றார். சமூகம் இடம்கொடுக்காத துயரத்தை கென்னத் டோகா 1989 இல் அங்கீகாரம் மறுக்கப்பட்ட துயரம் என்று பெயரிட்டு எழுதினார். இரண்டும் இங்கே பாதி பொருந்தும். 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு, ஆறு மாதத்துக்கு மேல் நீண்டு, அந்தச் சமூகத்தின் வழக்கத்துக்கும் மதத்துக்கும் ஏற்ற அளவைத் தாண்டும் துயரத்தைக் கோளாறு என்கிறது. எனக்கு இங்கேதான் தடக்குகிறது. வழக்கத்தையே சட்டம் போட்டு உடைத்துவிட்டபின் எந்த வழக்கத்தை வைத்து அளப்பது? இந்த வீடுகளில் ஒருவர் இரண்டு வருடம் கழித்தும் தூங்கவில்லை என்றால் அதை அவருடைய கோளாறாக எழுதுவதற்கு முன் உளவளத்துணையாளர் ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

மண் கிடைத்தபோது

2021 ஜனவரி 25 இல் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் இந்த நடைமுறையை நிறுத்தச் சொன்னார்கள். பெப்ரவரி 10 இல் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். முஸ்லிம் வீடுகளில் மூச்சு வந்தது. அடுத்த நாளே, நிபுணர் குழுதான் முடிவு சொல்ல வேண்டும் என்று அரசு தரப்பிலிருந்து பேச்சு மாறியது. அந்த இடைவெளியிலும் ஆட்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் 23, 24 ஆம் திகதிகளில் வந்து போனார். 25 ஆம் திகதியிட்ட வர்த்தமானி, தகனம் என்ற சொல்லோடு நல்லடக்கம் என்ற சொல்லையும் சேர்த்தது. வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வந்து போனதும் திறந்த கதவு, பத்து மாதமாக உள்ளூர்க் கண்ணீருக்குத் திறக்கவில்லை.

அப்புறம் எங்கே அடக்குவது என்ற கேள்வி. மார்ச் 2 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவைச் சொன்னார்கள். அங்கே இருப்பவர்கள் கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள். 1992 இல் இடம்பெயர்ந்து, கடற்படையின் பிடியில் இருந்த தங்கள் மண்ணுக்கு 2018 இல்தான் போராடித் திரும்பியவர்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள். துக்கத்தில் இருந்த ஒரு சிறுபான்மையையும் இடம் இழந்து மீண்ட இன்னொரு சிறுபான்மையையும் முகத்துக்கு முகம் நிறுத்திய முடிவு அது.

கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி, மஜ்மா நகர். மார்ச் 5 ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் அங்கே அடக்கமாயின. கொழும்பிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் மேல். உடல்களை இராணுவத்தின் மேற்பார்வையில் கொண்டுபோனார்கள். குடும்பத்தில் ஓரிருவர்தான் போகலாம். பெரும்பாலும் ஆண்கள். உம்மாவும் ராத்தாவும் (அக்காவும்), கணவனை இழந்து இத்தாக் காலத்தில் வீட்டோடு இருக்கும் மனைவியும் வீட்டிலேயே. தெரியாத ஊர், வரிசை வரிசையாகக் குழிகள். ஆனாலும் அந்த ஊர் இளைஞர்கள் இரவு பகல் பாராமல் நின்றார்கள். தங்களுக்கு ஒன்றும் உறவில்லாத மையித்துகளுக்காகத் தொழுதார்கள். ஒருவராவது செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும் என்ற அந்த ஃபர்ளு கிஃபாயா அங்கேதான் நிறைவேறியது. இந்த முழு நிகழ்விலும் என் மனம் கொஞ்சம் ஆறுவது இந்த ஒரு இடத்தில்தான்.

2021 ஓகஸ்ட் கடைசியில் டெல்டா அலை ஏறி ஒரு நாளில் இருநூறுக்கும் மேல் மரணங்கள் பதிவாகின. தகனசாலைகள் திணறின. மஜ்மா நகரில் இந்துக்களையும் பௌத்தர்களையும் கிறிஸ்தவர்களையும் அடக்கினார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் அவரவர் ஊரிலேயே அடக்கலாம் என்று கட்டுப்பாடு நீங்கியபோது அந்த நிலத்தில் 3,600 க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

கபுறு கிடைத்த குடும்பத்துக்குத் தூரம்தான் பாரம். பஸ் பிடித்துப் போகலாம், கபுறடியில் நின்று ஸியாரத் செய்யலாம், சலாம் சொல்லலாம். 2021 பெப்ரவரிக் கடைசிக்கு முன் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்தத் தூரமும் இல்லை. ஒரே தெருவில் ஜனவரியில் இறந்தவருக்குக் கபுறு கிடையாது, மார்ச்சில் இறந்தவருக்கு உண்டு. ஒரு சில வாரம் பிந்தி மௌத்தாகியிருந்தால் என்று நினைக்காத வீடு இருந்திருக்காது. இப்படி ஒரு நினைப்பை மனிதர்களுக்குள் விட்டுவைத்தது இந்தச் சட்டம்.

மன்னிப்பு

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இதற்கு மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நீர் வழங்கல் அமைச்சும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வுகள் அந்த முடிவில் இடம்பெற்றன. நீரில் வைரஸ் சேர்வது முக்கியமாக மலசலக் கழிவால். முறையாக அடக்கம் செய்த உடல்களால் அல்ல. நீரைச் சொல்லி எரித்தவர்களுக்கு, நீரைப் பற்றிய ஆய்விலிருந்தே வந்த பதில். இனி இப்படி நடக்காதபடி, அடக்கமா தகனமா என்று தெரிவுசெய்யும் உரிமையைச் சட்டமாக்குவதற்கும் அப்போது ஒப்புதல் கிடைத்தது.

இந்த மன்னிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓர் அரசு தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்வது எங்கள் பகுதியில் அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் அது பாதிக்கப்பட்ட எல்லாச் சமூகங்களிடமும் பொதுவாகக் கேட்ட மன்னிப்பு. சமூகம் உட்கார்ந்து அழுவதில்லை, வீடுதான் அழுகிறது. எரிக்கப்பட்டவர்களின் பதிவேடு அரசிடம் இருக்கிறது. பெயர், முகவரி, திகதி எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். அதில் இறந்தவரின் பெயர் இருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் முடிவு எங்களுடையது, உங்களுடையதல்ல என்று ஒரு வரி இருக்க வேண்டும். 2020 மே மாதத்தில் உம்மாவுக்காகக் கையெழுத்துப் போட்ட அந்த மகன் அதை வாசிக்க வேண்டும்.